ஜெபத்தில் தேவ வல்லமையை நம்புவது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

‘தேவனால் எல்லாம் கூடும்’ என்று சொல்லாத கிறிஸ்தவர் இல்லை. ஆனால் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்த அன்று, வேலை போன அன்று, வளர்ந்த பிள்ளை முகம் கொடுத்துப் பேச மறுத்த அன்று, அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பலருக்குத் தெரிவதில்லை. அதிகமாய் ஜெபிக்க வேண்டுமா? சந்தேகமே வராதபடி மனதைக் கெட்டியாக்கிக்கொள்ள வேண்டுமா? ஜெபித்த பின் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டுமா? இந்தக் கேள்விகளுக்கு வேதாகமம் நாம் எதிர்பார்ப்பதைவிட நேரடியாகவே பதில் தருகிறது.

எதை நம்புகிறோம் என்பதிலிருந்து தொடங்குவோம். மாற்கு சுவிசேஷத்தில் இரண்டு பேர் இயேசுவிடம் வருகிறார்கள். முதலாமவர் குஷ்டரோகி (மாற்கு 1:40). ‘உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்’ என்கிறார். வல்லமையைப் பற்றி அவருக்குத் துளியும் ஐயமில்லை. தன்னைப் போன்ற ஒருவனுக்கு அவர் செய்வாரா என்பதுதான் அவருடைய தயக்கம். இரண்டாமவர் நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன் (மாற்கு 9:22). ‘நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்’ என்கிறார். சீஷர்களால் முடியாமல் போனதைக் கண்ணால் பார்த்துவிட்டதால் வல்லமையிலேயே அவருக்குச் சந்தேகம். ஒருவர் தயங்கிய இடம் வேறு, மற்றவர் தயங்கிய இடம் வேறு. இருவரையும் இயேசு வெறுங்கையாய் அனுப்பவில்லை.

நம்முடைய தயக்கமும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ‘இது நடக்கவே நடக்காது’ என்று தோன்றினால் தேவனுடைய வல்லமையைப் பற்றிய வசனங்களோடு அமர வேண்டும்: எரேமியா 32:17, எபேசியர் 3:20 போன்றவை. ‘எனக்கெல்லாம் செய்வாரா’ என்று தோன்றினால் அந்த வசனங்கள் உதவாது. அவருடைய மனதைக் காட்டும் பகுதிகள் தேவை: லூக்கா 15, ரோமர் 8:32, சங்கீதம் 103. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல், குற்றவுணர்வில் இருப்பவரிடம் செங்கடல் பிளந்த கதையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கேட்டவருக்கு ஒன்றும் ஒட்டாது.

இந்த இரண்டோடு இன்னொன்றும் சேர வேண்டும். எப்போது, எந்த வழியில் என்பதை அவரிடம் விட்டுவிடுவது. அக்கினிச் சூளைக்கு முன் நின்ற சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ ராஜாவுக்குச் சொன்ன பதிலில் (தானியேல் 3:17-18) இது தெளிவாக இருக்கிறது: எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையைப் பணிய மாட்டோம். இரண்டாவது பாதியைச் சொன்னதால் முதல் பாதி பலவீனமாகிவிடவில்லை. கெத்செமனேயில் இயேசுவும் ‘எல்லாம் உம்மாலே கூடும்’ என்று தொடங்கித்தான் தம் சித்தத்தைப் பிதாவின் கையில் வைத்தார் (மாற்கு 14:36). ‘உம்முடைய சித்தம்’ என்று சொல்வது விசுவாசக் குறைவு என்று போதிக்கிறவர்கள் இந்த வசனத்தை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

எவ்வளவு விசுவாசம் வேண்டும்?

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். விசுவாசத்தை ஒரு உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டு, நெஞ்சில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே ஜெபிப்பார்கள். உணர்ச்சி பொங்கினால் ஜெபம் கேட்கப்பட்டது, வறண்டிருந்தால் கேட்கப்படவில்லை என்று முடிவும் கட்டிவிடுவார்கள். இயேசுவோ கடுகு விதையளவு போதும் என்றார் (மத்தேயு 17:20). மருந்துச் சீட்டோடு வைத்தியரிடம் போகிறவருக்கு அந்தப் படியேறிப் போகும் அளவுக்கு நம்பிக்கை இருந்தால் போதும். குணமாக்குவது வைத்தியரின் திறமை.

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பேதுரு சிறையில் இருக்கிறார். சபை ஊக்கத்தோடே ஜெபிக்கிறது. தேவதூதன் அவரை வெளியே கொண்டுவருகிறான். பேதுரு வந்து கதவைத் தட்ட, ரோதை என்ற பெண் ஓடிப்போய்ச் சொல்கிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்து ‘நீ பிதற்றுகிறாய்’ என்கிறார்கள். கேட்டது வாசலில் நிற்கிறது; கேட்டவர்களால் நம்ப முடியவில்லை. வேதாகமத்தில் சிரிப்பை வரவழைக்கும் சில இடங்களில் இதுவும் ஒன்று. அவர்களுடைய நம்பிக்கை அத்தனை சிறிதாக இருந்தும் விடுதலை வந்தது.

அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தையும் விட்டுவிடக்கூடாது. யோவானின் சகோதரனாகிய யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொன்றான். ஒரே சபை, ஒரே ராஜா, ஏறக்குறைய ஒரே காலம். ஒருவர் தப்புகிறார், ஒருவர் மரிக்கிறார். ஏன் என்று இதை எழுதிய லூக்கா விளக்கவில்லை. யாக்கோபுக்காக ஜெபித்தவர்களின் விசுவாசம் குறைவு என்று ஒரு வார்த்தைகூட இல்லை. இந்த மௌனத்தை மதிக்கத் தெரிந்தவர்களே துக்க வீட்டில் நிதானமாகப் பேசுவார்கள்.

அப்படியானால் ‘சந்தேகப்படாமல் கேட்கக்கடவன்’ என்கிற யாக்கோபு 1:6? அங்கே பேசப்படுவது ‘இருமனமுள்ளவன்’ (1:8). ஞானத்தைத் தேவனிடம் கேட்டுவிட்டு, கிடைத்தாலும் அதன்படி நடப்பதா இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கமும் சாய்கிறவன். நடுக்கத்தோடே அவரிடம் வருகிறவனைப் பற்றி அந்த வசனம் பேசவில்லை. ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்ற தகப்பனின் வார்த்தைகள் (மாற்கு 9:24) முழு ஜெபமாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டன. அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. பல நாட்களுக்கு அது மட்டும்தான் சொல்ல வரும்.

தினசரி ஜெபத்தின் அமைப்பு

தொடக்கத்தில் 15 நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்து நாலாம் நாள் விட்டுவிடுவதைவிட, குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், 15 நிமிடம் தொடர்ந்து செய்வது மேல். தானியேல் தினம் மூன்று வேளை, பலகணிகள் திறந்திருந்த தன் மேலறையில் ஜெபித்தார் (தானியேல் 6:10). நேரமும் இடமும் ஏற்கெனவே பழகியிருந்ததால்தான், ஜெபத்துக்குத் தடைச்சட்டம் வந்த நாளில் அவர் புதிதாக எதையும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். வேதாகமச் செயலி அதில்தான் இருக்கிறது என்பது உண்மை; மற்ற எல்லாமும் அதில்தான் இருக்கிறது. அச்சிட்ட வேதாகமம் ஒன்று வைத்துக்கொள்வது எளிது.

வரிசைக்குக் கர்த்தருடைய ஜெபமே போதும் (மத்தேயு 6:9-13). முதலில் பிதாவின் நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம். அதன் பிறகுதான் ஆகாரம், மன்னிப்பு, தீமையிலிருந்து விடுதலை. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. பிரச்சினையிலிருந்து தொடங்கினால் 15 நிமிடமும் பிரச்சினையிலேயே முடிந்துவிடும். எழுந்திருக்கும்போது உட்கார்ந்ததைவிடப் பாரமாக இருக்கும். கவலைப்படுவதையே கண்ணை மூடிக்கொண்டு செய்துவிட்டு ஜெபித்ததாக நினைத்துக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஆகவே முதல் 3 அல்லது 4 நிமிடம் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசித்து, அதில் தேவனைப் பற்றிச் சொல்லப்பட்டதை அவரிடமே திரும்பச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்துக்கு வரும்போது, கேட்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள். பர்திமேயு குருடன் என்பது பார்த்த எல்லாருக்கும் தெரியும். இருந்தும் இயேசு, ‘நான் உனக்கு என்ன செய்யவேண்டும்’ என்று அவனிடம் கேட்டார் (மாற்கு 10:51). ‘என் குடும்பத்தை ஆசீர்வதியும்’ என்பது தவறான ஜெபம் இல்லை. ஆனால் அதற்குப் பதில் வந்ததா இல்லையா என்று ஒருநாளும் தெரியாது. ‘நாளைக்கு அண்ணனிடம் பேசும்போது பழைய கணக்கை இழுக்காமல் இருக்க எனக்கு உதவி செய்யும்’ என்பதில் தேதி இருக்கிறது, ஆள் இருக்கிறது, நம்முடைய பங்கும் இருக்கிறது.

பயத்தை மறைக்கவும் வேண்டாம். அசீரிய ராஜாவின் மிரட்டல் கடிதம் வந்தபோது யூதாவின் ராஜாவாகிய எசேக்கியா அதை ஆலயத்துக்கு எடுத்துப்போய், கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தார் (2 இராஜாக்கள் 19:14). அந்த ஜெபத்தில், அசீரிய ராஜாக்கள் மற்ற தேசங்களைப் பாழாக்கியது மெய்தான் என்று ஒப்புக்கொள்கிறார். எதிரியின் பலத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ‘எனக்கு நோயே இல்லை’ என்று அறிக்கை செய்தால்தான் விசுவாசம் என்கிற போதனைக்கு இந்த ஜெபம் இடம் கொடுப்பதில்லை. வங்கிக் கடிதமோ, ஸ்கேன் அறிக்கையோ, நீதிமன்ற நோட்டீஸோ வந்திருந்தால் அதை முன்னால் வைத்துக்கொண்டே ஜெபிக்கலாம். உள்ளதை உள்ளபடி வாசித்துக் காட்டிவிட்டு, பிறகு கேளுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: இன்றைக்கு என் பங்கு என்ன? இதைக் கேட்காமல் எழுந்திருக்க வேண்டாம்.

ஜெபமும் முயற்சியும்

இந்தக் கேள்விக்கு நெகேமியாவைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது. அவர் பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரர். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்துகிடக்கும் செய்தி கிஸ்லே மாதத்தில் வருகிறது. ராஜாவிடம் அவர் பேசுவது நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய நான்கு மாதம். அந்த நாட்களில் அவர் உபவாசித்து ஜெபித்தார்; திட்டமும் போட்டிருக்கிறார் என்பது பிறகு தெரிகிறது. ‘நீ கேட்கிறது என்ன’ என்று ராஜா கேட்டதும், நெகேமியா அந்த நொடியில் மனதுக்குள் ஒரு ஜெபம் செய்துவிட்டு (2:4) வரிசையாகக் கேட்கிறார்: போய்வர எவ்வளவு காலம், நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதங்கள், மரம் கொடுக்கும்படி வனக்காவலன் ஆசாபுக்கு ஒரு கடிதம். வேலை தொடங்கிப் பகைவர் திரண்டபோது ‘தேவனை நோக்கி ஜெபம்பண்ணி’ இரவும் பகலும் காவல் வைத்தார்கள் (4:9). அலங்கம் 52 நாளில் முடிந்தது. பகைவரும்கூட இது தேவனால் நடந்தது என்று அறிந்துகொண்டதாக 6:16 சொல்கிறது. காவல் வைத்ததனால் அந்தச் சாட்சிக்குக் குறைவு வரவில்லை.

மருந்து விஷயத்திலும் இதே கணக்குதான். மரணத்துக்கு ஏதுவான வியாதியில் கிடந்த எசேக்கியா அழுது ஜெபித்தார். 15 வருடம் கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்தார். வாக்கைக் கொண்டுவந்த ஏசாயா அடுத்து என்ன செய்தார்? அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, கட்டியின்மேல் பற்றுப்போட வைத்தார் (2 இராஜாக்கள் 20:7). வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே அறையில் இருந்தன. பவுலுடன் பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர் (கொலோசெயர் 4:14). ஆகவே ஜெபித்துவிட்டேன் என்பதற்காக இன்சுலினையோ, இரத்த அழுத்த மாத்திரையையோ, மனநல மருந்தையோ தானாக நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளம் ஆகாது. குணமாகிவிட்டது என்று தோன்றினால் பரிசோதனை செய்துகொண்டு, மருத்துவர் சொன்ன பிறகு குறைக்கலாம். மெய்யான சுகத்துக்குப் பரிசோதனையால் ஒரு நஷ்டமும் வராது. தேவாலய உப்பரிகையிலிருந்து குதித்துக் காட்டும்படி பிசாசு சொன்னபோது தேவனைப் பரீட்சை பார்க்கக்கூடாது என்று இயேசு கொடுத்த பதில் (மத்தேயு 4:7) இந்த இடத்துக்கும் பொருந்தும்.

இதற்கு எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருக்க ஜெபத்தைத் திரையாக்கிக்கொள்வது. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் ‘அவருக்காக ஜெபிக்கிறேன்’ என்பார்கள். காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்பதுதான் இயேசுவின் ஒழுங்கு (மத்தேயு 5:23-24). பசித்தவனை ‘பசியாறுங்கள்’ என்று வாழ்த்தி மட்டும் அனுப்புவதைப் பற்றி யாக்கோபு 2:16 சொல்வதும் கடுமையாகவே இருக்கும்.

ஒப்படைத்த பின்

காலையில் ஒப்படைத்தது 11 மணிக்குள் மறுபடி தலைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். இது தோல்வி என்று நினைக்க வேண்டாம். பிலிப்பியர் 4:6 கவலைக்குப் பதிலாக ஜெபம், வேண்டுதல், ஸ்தோத்திரம் மூன்றையும் சேர்த்துச் சொல்கிறது. பவுல் அதைக் கட்டப்பட்டவராக இருந்தபோது எழுதினார். எனவே கவலை திரும்பும் ஒவ்வொரு முறையும் நீண்ட ஜெபம் தேவையில்லை. ‘ஆண்டவரே, இது காலையிலேயே உம்மிடம் கொடுத்தது’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு, கையிலிருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். ஒரு நாளில் இருபது முறை சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்லலாம். இயேசுவே கெத்செமனேயில் அதே வார்த்தைகளை மூன்றாம் முறையும் சொல்லி ஜெபித்தார் (மத்தேயு 26:44). அவர் கண்டித்தது அதிக வசனிப்பினால் தேவனை இணங்கவைக்கலாம் என்ற எண்ணத்தை (மத்தேயு 6:7).

பிள்ளையில்லாத அன்னாளைக் கவனியுங்கள். ஆலயத்தில் மனங்கசந்து அழுது ஜெபித்து முடித்து, ஆசாரியனாகிய ஏலியின் வாழ்த்தைப் பெற்றுப் புறப்பட்டபின், போய்ச் சாப்பிட்டாள். அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை (1 சாமுவேல் 1:18). அப்போது கையில் குழந்தை இல்லை. சூழ்நிலையில் எதுவும் மாறியிருக்கவில்லை. எல்லாருக்கும் இப்படி உடனே இலகுவாகிவிடும் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டையும் தூக்கத்தையும் விடாமல் காத்துக்கொள்வதும் ஒப்படைத்தலின் ஒரு பகுதி என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு நாளுக்கு ஒரு நாள் என்பதும் முக்கியம். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த உணவாகிய மன்னா ஆளுக்கு ஒரு ஓமர் அளவே சேர்க்கச் சொல்லப்பட்டது. மறுநாளைக்கு என்று சிலர் மீதிவைத்தது புழுத்து நாறியது (யாத்திராகமம் 16:20). ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் சேர்த்த இரட்டிப்பு மட்டும் கெடவில்லை. அடுத்த பத்து வருடத்துக்கான தைரியத்தை இன்றைக்கே தரும்படி கேட்டு, கிடைக்கவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்கள் பலர். ‘இன்று எங்களுக்குத் தாரும்’ என்றுதான் இயேசு கற்றுக்கொடுத்தார்.

ஒரு ஜெபக்குறிப்பு நோட்டு வைத்துக்கொள்வது மிகவும் உதவும். பக்கத்துக்கு மூன்று பத்தி: தேதி, கேட்டது ஒரு வரியில், நடந்தது. மாதத்துக்கு ஒரு முறை புரட்டிப் பார்த்து மூன்றாம் பத்தியை நிரப்புங்கள். கேட்டபடி நடந்தது, வேறு விதமாக நடந்தது, இன்னும் காத்திருக்கிறேன், கேட்டதே தவறு என்று இப்போது புரிகிறது என எதுவும் எழுதலாம். மனித மறதி பெரியது. கிடைத்ததும் கேட்டதையே மறந்துவிடுவோம்; இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் நன்றி சொல்லத் திரும்பி வந்தான். அதே சமயம் நோட்டைத் தேவனோடு வைத்த வரவுசெலவுக் கணக்காக மாற்றிவிட வேண்டாம்.

வழி தவறும் இடங்கள்

பேரம் பேசுவது முதலாவது. ‘இதைச் செய்தால் அதைத் தருவேன்’ என்று பதற்றத்தில் பொருத்தனை பண்ணுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு பொருத்தனையால் தன் ஒரே மகளை இழந்த யெப்தாவின் கதை (நியாயாதிபதிகள் 11) ஒன்றே போதும். கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை நம் முடிவுக்குச் சாதகமான அடையாளமாக எடுத்துக்கொள்வது இன்னொன்று. அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் பத்து வசனம் வாசித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இவை நம்மைத்தான் காயப்படுத்தும். பிறரைக் காயப்படுத்துவது ஒன்று இருக்கிறது. சுகம் வராத நோயாளியிடம் ‘உங்களுக்கு விசுவாசம் போதவில்லை’ என்று சொல்வது. பவுலுக்கு மாம்சத்தில் ஒரு முள் இருந்தது. அது நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். நீங்கவில்லை. ‘என் கிருபை உனக்குப் போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்’ என்ற பதில் வந்தது (2 கொரிந்தியர் 12:9). தேவ வல்லமை அங்கேயும் செயல்பட்டது, பவுல் கேட்ட இடத்தில் இல்லை என்பதுதான் வேறுபாடு. துன்பத்தில் கிடந்த யோபின் சிநேகிதர்கள், அவர்மேல் குற்றம் சுமத்தத் தொடங்குமுன், ஏழு நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல சிநேகிதர்களாகவே இருந்தார்கள்.

வேண்டுதலுக்குத் தடையாக வேதம் பெயர் சொல்லும் காரியங்களும் உண்டு. மனதில் அக்கிரமத்தைப் பேணுவது (சங்கீதம் 66:18), மன்னியாமல் இருப்பது (மாற்கு 11:25), மனைவியை மதிப்பாக நடத்தாமல் இருப்பது (1 பேதுரு 3:7), இச்சைகளில் செலவழிக்கக் கேட்பது (யாக்கோபு 4:3). இவற்றை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளலாம். அடுத்தவர் படுக்கையருகே பட்டியலாக வாசிக்கக்கூடாது.

பதிலே வராத நாட்களில்

‘எதுவரைக்கும்’ என்று கேட்க உங்களுக்கு அனுமதி உண்டு. 13-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் அந்தச் சொல் நான்கு முறை வருகிறது. மறந்துவிட்டீரா என்று கேட்ட அதே தாவீது, ஐந்தாம் வசனத்தில் ‘உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்’ என்கிறார். 88-ஆம் சங்கீதத்தில் அந்தத் திருப்பமும் கிடையாது, இருளிலேயே முடிகிறது. அதுவும் ஜெபப் புத்தகத்தில் இடம்பெற்றிருக்கிறது, முதல் வசனத்தில் ‘என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே’ என்று அவரைத்தான் கூப்பிடுகிறது. முறையிடுகிறவர் இன்னும் அவரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

சொந்த வார்த்தை வராத நாளில் சங்கீதத்தின் வார்த்தைகளைக் கடன் வாங்குங்கள். பயத்துக்கு 27, தூக்கம் வராத இரவுக்கு 4, குற்றவுணர்வுக்கு 51 அல்லது 130, காத்திருப்புக்கு 62, பயணத்துக்கு 121. அதுவும் முடியாவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கலாம். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர்தாமே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது.

நீண்ட காத்திருப்பைத் தனியாகச் சுமக்க வேண்டாம். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்று யாக்கோபு 5:14 சொல்கிறது. அழைப்பது நோயாளியின் பங்கு, தாங்களாக வருவார்கள் என்று காத்திருந்து மனத்தாங்கல் கொள்வதில் பயனில்லை. கூட்டத்தில் அறிவிப்பதற்கு முன், நம்பிக்கையான இரண்டு பேரிடம் சொல்லுங்கள். எவ்வளவு விவரம் வெளியே போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பிறருக்காக ஜெபிக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், அவர்கள் சொன்ன விவரம் உங்களைத் தாண்டிப் போக வேண்டாம். ‘ஜெபத்துக்காகத்தான் சொல்கிறேன்’ என்று தொடங்கும் வம்பு சபைகளில் நிறைய வீடுகளைக் காயப்படுத்தியிருக்கிறது. இரண்டு வாரம் கழித்து ‘அந்தக் காரியம் எப்படி இருக்கிறது?’ என்று நீங்களே போய் விசாரியுங்கள்.